வெளியே என்றால்

"தின்னுட்டு வெளியே போய்ச் சாகுமுங்க,
ஊட்டுக்குள்ள நாத்தம் வராது" என்று
நாச்சிமுத்து பச்சைக் கேக்கை நீட்டினார்.

வெளியே என்றால்
எங்கள் லைன் வீட்டில்
மயிலாத்தாள் அக்கா வாசல்தான்.
போன ஆடியில் அங்கேதான் டாலர்
மூக்கில் ரத்தம் வடியப் படுத்திருந்தது.
யாரோ வைத்த மருந்து, அதைத் தின்ற எலி,
எலியைத் தின்ற நாய்.
அவிநாசி டாக்டர் ஊசியோடு வந்தபோது
வாலை ஒருதரம் ஆட்டியது, அவ்வளவே.

கேக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் நாலு வாங்கினேன்.
பைப் நுழைகிற ஓட்டையில் திணித்தேன்.
அரிசி எவர்சில்வர் போசிக்குள் போயிற்று.
கட்டிலடியில் பனியன் வேஸ்ட் மூட்டையைப் பிரித்தால்
கூடு.
நான் ரிஜெக்ட் போட்ட நீலத் துண்டுகளில்,
ஏற்றுமதித் தரத்தில்.
உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு தரம் பார்த்தேன்.

பாபின் பீரோ மேல் படுத்து
வேடிக்கை பார்த்தது. பால்சோற்றுப் பூனை.

ராத்திரி பொறியில் சுட்ட தேங்காய்ச் சில்லு.
பாபின் காலை விட்டுவிடும் என்று
மேலே கவிழ்த்த அன்னக்கூடை,
கூடைமேல் குழவிக்கல்.
இரண்டேகாலுக்கு டொப்.
விடியும்வரை பூனை கூடையைச் சுற்றியது,
நான் பூனையைச் சுற்றினேன்.

காலையில் வண்டி ஹேண்டிலில் பொறியை மாட்டிக்கொண்டு
நொய்யல் தாண்டி, முள்ளுக்காட்டில் கதவைத் தூக்கினேன்.
போகவில்லை.
"போ சாமி, எட்டரைக்கு எனக்கு பஞ்ச்" என்றேன்.
அது திரும்பி உட்கார்ந்து
வந்த வழியையே பார்த்தது.
அடிவயிற்றில் மயிர் உதிர்ந்து
காம்புகள் தெரிந்தன.

மூட்டைக்குப் பின்னால்
இன்னொரு மூட்டை இருந்தது நினைவுக்கு வந்தது.
பாபின் வீட்டில் தனியாக இருந்தது.