எந்தக் கூட்டமுங்க

"இந்தக் கணினிக்குத் தகுதி போதாது" என்று
விண்டோஸ் எழுதிக் காட்டிய ராத்திரி
திருச்செங்கோட்டில் மழை.
கரண்ட் போய்ப் போய் வந்தது.
கடைசித் தவணை கட்டி மூன்று வருஷம்கூட ஆகாத மடிக்கணினி.
தூக்கிப்போட மனசில்லை.

எம்சிஏ லேபில் நான் லினக்ஸ்காரி.
அப்புறம் பதினோரு வருஷம் ரிக் லாரி ஆபீஸ்.
ராய்ப்பூரில் எழுநூறு அடி, கேசிங் பைப் தனி,
டீசல் தனி, டிரில்லர் வாங்கிய முன்பணம் தனி.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து அடித்த விரல்
டேலியில் தேய்ந்துபோனது.

லேபில் ஓடியது சென்டாஸ்.
தேடினால், அது தவறிவிட்டதாம்.
எனக்கு எழவு சொல்ல ஒருத்தரும் வரவில்லை.
அது இருந்த இடத்தில் ராக்கி, ஆல்மா என்று
இரண்டு பங்காளிகள்.
முகச்சாடை அப்படியே.

கைக்குக் கிடைத்த மின்ட்டை ஏற்றினேன்.
விரல் தானாக 'யம்' என்றது.
அப்படி ஒரு கட்டளை இல்லை.
ஐஎஃப்கான்ஃபிக்?
அதுவும் இல்லை.
பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றியது தெரியாமல்
பழைய இடத்தில் பையோடு நிற்கிறவள் ஆனேன்.

பிரிண்டருக்கு ஒரு கோப்பு இறக்கினேன்.
வாசலோடு நின்றுகொண்டது.
ராசிபுரத்துக்குப் போன் போட்டேன்,
லேபில் பக்கத்துச் சீட்டு வெள்ளைநாயகிக்கு.
"ஏ புள்ள, அது ஆர்பிஎம்மு. உன்றது டெப்பு.
எந்தக் கூட்டம்னு பாக்காம எறக்குனா
எப்படி ஏறும்?"

சுருக்கென்றது.

வாடகைக்கு வீடு கேட்டுப் போன ஐந்து வாசலிலும்
தண்ணிச் சொம்புக்கு முன்னால் வந்த கேள்வி.
"எந்தக் கூட்டமுங்க?"
என் பதில் அவர்கள் கணக்கிலேயே இல்லை.
மூன்று வாசலில் சொம்பும் வரவில்லை.
இந்த வார்த்தை என் வாயில் வராது என்று
ஆறாவது வாசலில் நினைத்துக்கொண்டவள்
இப்போது உட்கார்ந்து கேட்கிறேன்,
ஒரு மென்பொருளை.

அது கூசாமல் சொல்கிறது.
மின்ட்டுக்கு உபுண்டு, உபுண்டுக்கு டெபியன்.
டெபியன் பழம்புளி;
இரண்டு வருஷம் உப்பிட்டு மூடிவைத்து
இனிக் கெடாது என்று தெரிந்தபின் எடுப்பார்கள்.
ஆர்ச் விடிகாலை உழவர் சந்தை,
வேரில் ஈரமண்ணோடு கீரை,
சில நாள் புழுவோடு.
ரெட் ஹேட் மில் வேலை மாதிரி.
பி.எஃப். உண்டு, கையெழுத்து உண்டு,
பத்து வருஷத்துக்கு நம்பி இருக்கலாம்.
ஃபெடோரா அங்கே முதலில் அனுப்பிப் பார்க்கும் பையன்;
அவன் பிழைத்தால் மற்றவர்கள் வருவார்கள்.
சூசே பற்றி வெள்ளைநாயகி ஏதோ சொன்னாள்.
சிக்னல் விட்டுவிட்டது.

ஏப்ட் என்று கூப்பிட்டால் ஒரு வீடு திரும்பும்,
டிஎன்எஃப் என்றால் இன்னொன்று,
பேக்மேன் என்றால் வேறொன்று.
கூப்பிடுகிற முறைதான் மாறுகிறது.
போர் போடுகிற பில்லில் நானே எழுதியிருக்கிறேன்:
மேல்மண் செம்மண், மேல்மண் கரிசல்,
மேல்மண் சுக்கான்.
அதற்குக் கீழே எல்லார் காட்டிலும்
'பாறை' என்று ஒரே வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
துடைத்துவிட்டு ஆர்ச் ஆனேன்.
வைஃபைக்கே ஒரு மணி நேரம் பிடித்தது.
பொழுது சாய ஃபெடோரா.
ராத்திரிச் சோற்றுக்குள் டெபியன்.
ஒரே நாளில் மூன்று கூட்டம் மாறினேன்.
ஊரைக் கூட்டி யாரும் கேட்கவில்லை.
கோயில் வரி கட்டச் சொல்லவில்லை.
என் கோப்புகள் எல்லாம் பென்டிரைவில்
பத்திரமாக இருந்தன.
இதை எழுதும்போது கொஞ்சம் அழுகை வருகிறது,
ஏன் என்று தெரியவில்லை.
தூக்கக் கலக்கமாக இருக்கும்.

டேலிக்காகப் பழைய விண்டோஸைப்
பாதி வட்டில் திரும்ப உட்கார வைத்தேன்.
"பாதிக்குப் பாதியா?" என்று சிரித்தாள் வெள்ளைநாயகி.
மலைமேல் இருக்கிறவரே அப்படித்தானே என்றேன்.

பிரிண்டர் இன்னும் ஓடவில்லை.
நாளைக்கு அவன் எந்தக் கூட்டம் என்று
பார்க்க வேண்டும்.