அடுத்தடுத்த எண்கள்

கோயம்புத்தூரில் காசு தோண்டி ஓய்ந்த
இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள்
ஒரே அட்டைப்பெட்டியில் பஸ் ஏறி வந்தன.
வரிசை எண் 417 எனக்கு.
418 தேவகோட்டை தைனேஸுக்கு.
பூவா தலையா போட்டுத்தான் பிரித்தோம்.

அன்றிலிருந்து இரவு பதினொன்றுக்கு மேல்
எங்கள் பேச்சு முழுக்க எண்கள்.
"ரெண்டாயிரத்து எழுபது. ஒண்ணு புள்ளி பூஜ்யம் நாலு. எண்பத்தொண்ணு."
வேகம், வோல்ட், சூடு.
சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வதில்லை.

அவனுடையது இரண்டாயிரத்து நூறில் நிற்கிறதாம்,
அதுவும் அறுபத்தொரு டிகிரியில்.
ஒரே ஆலை, ஒரே நாள், ஒரே மணல்;
என்னுடையது மட்டும் எழுபதைத் தாண்டினால்
திரையைக் கறுப்பாக்கிவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

அறைச்சூட்டைக் கழித்தாயா என்றேன்.
அவன் இருப்பது மச்சானின் மருந்துக்கடை,
ஏசி இருபத்துநாலில் ஓடும் இடம்.
நான் செக்காலை ரோட்டு ஸ்டூடியோ மாடியில்,
கத்திரி வெயில் குடித்த தளத்துக்குக் கீழே
முப்பத்தெட்டில்.
கழித்தால் அவனுக்கு முப்பத்தேழு,
எனக்கு நாற்பத்துமூன்று.
ஆறு டிகிரிதான் தோல்வி.
பழைய பேஸ்ட்டைச் சுரண்டி, செம்மண் தூசியை ஊதி
அதை நாலாக்கினேன்.

ஏழு மணிக்குத் தெருவே ஏசி போடும்.
ஸ்டெபிலைசர் டக் டக்கென்று நாக்குத் தட்டும்.
நான் ஆயிரத்தில் ஒரு பங்கு வோல்ட்டுக்குப்
பேரம் பேசிக்கொண்டிருக்க
மின்வாரியம் நாற்பதை மொத்தமாய் அள்ளிப்போகும்.

ஒரு ராத்திரி ஆறு மணி நேரச் சோதனை ஓட்டினேன்.
ரோமம் முளைத்த உளுந்தவடை ஒன்று
திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது.
விடியும்வரை அதற்குக் காவல்.
பிழை பூஜ்யம்.
"நின்னுருச்சு" என்று அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் கண்டனூர்க் கல்யாணம் ரெண்டருக்குப் போனது.
நாலு கேமரா, மூன்று மணி நேரம்.
ஐம்பத்திரண்டாம் நிமிடம், திருப்பூட்டு.
சங்கு ஊதுகிறது, மாப்பிள்ளை கழுத்துருவை எடுக்கிறார்.
அவர் இடது கன்னத்தில்
ஒரு பச்சைப் புள்ளி.

ஒரே பிக்சல். மூன்றே பிரேம்.
நொடியில் எட்டில் ஒரு பங்கு.
யாரும் பார்க்கமாட்டார்கள்.
நான் பார்த்துவிட்டேன்.
வடை மன்னித்ததைக் கழுத்துரு மன்னிக்கவில்லை.

பதினைந்து பதினைந்தாய் இறங்கினேன்.
2055: புள்ளி கன்னத்தை விட்டு மாலைக்குப் போனது.
2040: மாமனார் துண்டில் ஒதுங்கி நின்றது.
2025: தேடித் தேடி, பந்தல் ஓரத்தில்.
2010இல் இல்லை.
பிடிவாதத்தில் வோல்ட்டையும் கீழே தள்ளினேன்,
தொள்ளாயிரத்து ஐம்பது மில்லிக்கு.
எழுபத்திரண்டு டிகிரி.
விசிறி அடங்கியதும்தான்
சுவரில் இத்தனை நாளாய் ஒரு பல்லி
கத்திக்கொண்டிருப்பது தெரிந்தது.
ரெண்டருக்கு நாலு நிமிடம் கூடுதல்.
ஒரு டீ.

செட்டியார் வீடுகளில் கல்யாணமானவன் ஒரு புள்ளி.
கோயில் கணக்கில் அன்றிலிருந்து
அவன் பேரில் தனி வரி.
ஆக, அந்த நிமிடத்தில் அங்கே
ஒரு புள்ளி புதிதாய் விழுந்தது நிஜம்.
கார்டு பொய் சொல்லவில்லை;
சூட்டில் கொஞ்சம்
சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டது.
அந்த மூன்று பிரேமையும் அழிக்காமல்
தனியே வைத்திருக்கிறேன்.

தைனேஸ் முன்பு அனுப்பிய 2100 படத்தை
இன்று பெரிதாக்கிப் பார்த்தேன்.
மூலையில் சோதனை ஓடிய நேரம்:
ஒன்பது நிமிடம், பன்னிரண்டு நொடி.
சொல்லவில்லை.
என் ஆறு மணி நேரமும் வடைதானே.

"ரெண்டாயிரத்துப் பத்து. பூஜ்யம் புள்ளி ஒம்பது அஞ்சு. எழுபத்திரெண்டு."
உடனே கேட்டான்: "ரூம்?"
"முப்பத்தாறு" என்றேன்.

அவன் கழித்துப் பார்க்கிறான்.
திரையின் அடியில்
மூன்று புள்ளிகள் தோன்றி மறைகின்றன,
தோன்றி மறைகின்றன.