பழைய பாலத்தின் மூன்றாம் தூண்

தண்ணீருக்கு அடியில் ஒட்டுவதில்
ஒரே சிக்கல் தண்ணீர்தான்.
எந்தப் பரப்பிலும் அது முன்னமே உட்கார்ந்திருக்கும்,
ரயிலில் துண்டு போட்டு இடம் பிடித்தவன் மாதிரி.
எழுப்பினால் எழாது.

கிண்டியிலிருந்து எண்ணூருக்கு மூன்று மணி நேரம்,
அதில் பாதி மணலி ரோட்டில்
கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே.
மடியில் குளிர்பெட்டி, அதற்குள் பதினெட்டாவது கலவை.
பசை ஆராய்ச்சிக்குத்தான் பசை இல்லை என்று
நிதிக் கூட்டத்தில் சொல்லிச் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
ஆட்டோ காசைத் தனியாகக் குறித்துக்கொண்டே.

தேசிங்கு, அனல்மின் நிலையத்தின்
நீரெடுக்கும் குழாய்களுக்குள் இறங்கி
ஆழி சுரண்டுகிறவர். மணிக்கூலி.
ஒரு வருஷம் விட்டால்
குழாயின் வாய் பாதியாகிவிடுமாம்.
"பச்ச ஆழி சொம்மா வராது மேடம்.
ஓட்ட ஒடச்சாலும் நூலு அங்கியே நிக்கும்."
அதைப் பிய்க்க அவருக்குக் கூலி.
அது ஏன் பிய்யவில்லை என்று கேட்க
எனக்குச் சம்பளம்.
இரண்டு வீட்டுக்கும் படியளப்பது ஒரே நூல்.

ஆழிக்குக் கால் உண்டு.
ஒன்றே ஒன்று, நாக்கைப் போல.
நீட்டிக் கல்லைத் தடவிப் பார்க்கும்.
அழுத்தும். நடுவில் மட்டும் சற்றுத் தூக்கி
ஒரு சின்னக் குடை பிடிக்கும்,
கடலை வெளியே நிற்க வைத்துவிட்டு
உள்ளே கொஞ்சம் புளிப்பு, பிறகு புரதம்.
சில நிமிடம்.
காலை எடுத்தால் அங்கே ஒரு நூல்.
அடுத்ததற்கு நகரும்.

அந்தப் புரதத்தின் ஒரு துணுக்கை
பிளாஸ்டிக் சங்கிலியில் கோத்ததுதான் என் கலவை.
வடித்த நீரில் ஒட்டியது.
உப்புக் கரைத்த நீரில் ஒட்டியது.
சாம்பலும் எண்ணெயும்
வெந்நீர்க் கால்வாயின் சூடும் கலந்த
கொசஸ்தலை நீரில்
தேநீர் நிறத்துக்குக் கறுத்து உதிர்ந்தது, பதினேழு முறை.
ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கும் கடல்
இந்தப் பக்கம் வருவதில்லை.

மூன்றாம் தூணில், மார்பளவு நீரில்
ஆறு பீங்கான் வில்லைகள் ஒட்டிவிட்டுப் போனேன்.

நூற்று நான்காம் நாள்
ஐந்தைக் காணோம்.
ஆறாவது இருந்தது.
இழுத்தேன், வரவில்லை.
தூணில் கால் ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தேன்,
வரவில்லை.
"ஒட்டிக்கிச்சு சார்!" என்று போனில் கத்தியதில்
பாலத்தின் மேல் தூண்டில் போட்டிருந்த பையன்கள்
எட்டிப் பார்த்தார்கள்.

தேசிங்கு மூழ்கினார்.
எழுந்து, வாயில் போன தண்ணீரைத் துப்பி,
"உன்னோட கோந்து எப்பவோ பூட்ச்சு மேடம்" என்றார்.
என் கையைப் பிடித்துக் கத்தியின் மேல் வைத்தார்.
வில்லைக்கும் தூணுக்கும் இடையில்
அது தடையில்லாமல் போய் மறுபக்கம் வந்தது.
ஓரமெல்லாம் நகத்தளவு ஆழிக்குஞ்சுகள்.
பாதி நூல் தூணில்,
பாதி நூல் என் வில்லையில்.
தைத்து வைத்திருந்தன.

போன் காதிலேயே இருந்தது.
"எத்தனை கிலோ தாங்குது? ஹலோ?"

படிவத்தில் கலவை எண், நாள், வெப்பநிலை.
ஒட்டியதா, ஆம், இல்லை.
எது ஒட்டியது என்பதற்குக் கட்டம் இல்லை.
ஆம் என்று எழுதி அடித்தேன்.
இல்லை என்று எழுதி அதையும் அடித்தேன்.

"சொரண்டிரவா?" கத்தி ஏற்கெனவே தூக்கியிருந்தது,
கைப்பழக்கம்.
வேண்டாம் என்றேன்.
அதற்கும் ஒரு மணிக்கூலி வாங்கிக்கொண்டார்.

மணலி ரோட்டில் எதுவும் நகரவில்லை.
பஸ் டிக்கெட்டின் பின்புறம்
பத்தொன்பது என்று போட்டு
அதன் கீழே எழுதினேன்:
முதலில் ஒரு கால் வேண்டும்.