தாக்கல்

ரப்பர் விலை விழுந்த வருசம்
கடிதங்கள் கூடிப்போயின.
கோலாலம்பூர்த் தொழிலாளர் இலாகாவில்
காலையில் ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு,
நாலு மணி மழைக்குச் சன்னலைச் சாத்திய பிறகு
விளக்கடியில் இன்னும் அரைக் கட்டு.

என் வேலை சின்னது.
தமிழில் வருவதை இங்கிலீசாக்கி
அடியில் ‘சரியான மொழிபெயர்ப்பு’ முத்திரை குத்தி
வ. ஐ. என்று ஒப்பம் வைப்பது.
அழுகை நாலு பக்கம் வந்தால் ஒரு பந்தி.
கும்பிடு எத்தனை இருந்தாலும்
ஒரேயொரு ‘பணிவுடன்’.
சாபங்களை விட்டுவிடுவேன்;
துரைக்கு அவை எந்தப் பிரிவிலும் அடங்கா.

கமுதிப் பக்கத்து இருளாயி எழுதியிருந்தாள்.
எழுதிய கை, கூலிக்கு எழுதும் ஒருவனுடையது.
ஓரமெல்லாம் மூக்குப்பொடிக் கறை.
ஊர்க்காவலன் என்ற பெயர் மட்டும்
வரிக்கு மேலே, பிறகு செருகியது.
புருசன் பெயரை அவள் சொல்லமாட்டாள்.
மகன் சொல்லியிருப்பான்.

“புக்கிட் தெராப் தோட்டத்துக்குப் போனவர்.
மாசிக் களரிக்குப் பிறகு ஒரு தாக்கலும் இல்லை.
பையனுக்குப் பால்பல் விழுந்து முளைத்துவிட்டது.
சர்க்கார்தான் பார்க்கணும்.”

நான் மானிப்பாய்.
தாக்கல் என்றால் எனக்கு இரண்டு தெரியும்:
ஒன்று அடிதடி,
மற்றது கச்சேரியில் மனுக் கொடுப்பது.
அடிதடி அந்த வரியில் உட்காரவில்லை.
ஆகவே, மாசிக்குப் பிறகு அவர்
மனு எதுவும் தாக்கல் செய்யவில்லை என்று
நல்ல இங்கிலீசில் எழுதினேன்.
முத்திரை. ஒப்பம்.

துரையின் நீலப் பென்சில் அதிகம் யோசிக்கவில்லை.
அவர் கிறுக்கியதைத் தமிழாக்கியதும் நானே:
“தாக்கல் இல்லாதபடியால் நடவடிக்கை தேவையில்லை.”
சிவப்பு நாடா கட்டிக்கொண்டு
கோப்பு அலமாரிக்குப் போயிற்று.

மார்கழியில் மறுபடி அதே மூக்குப்பொடி.
இந்த முறை துரைக்கு அல்ல,
‘வ. ஐ. என்று ஒப்பம் வைத்த ஐயா அவர்களுக்கு.’

“தாக்கல் இல்லைன்னு நம்ம பேச்சில எழுதியிருக்கீங்க.
நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் அங்க இருக்கார்னு
தெரிஞ்ச அன்னைக்குத்தான் சோறு இறங்குச்சு.
நீங்க விசாரிப்பீங்க.
அவசரமில்லை.”

நம்ம பேச்சா?
பியூன் சோணமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைக்காமலே சொன்னான்:
“தாக்கல்னா சேதி, கிராணி.
எங்கூர்ல எழவு விழுந்தாலும் தாக்கல்,
பிள்ளை பிறந்தாலும் தாக்கல்.”

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.
காகிதங்களை அமுக்கியிருந்த பித்தளைக் குண்டை
எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தேன்.

சேதி இல்லாதபடியால் நடவடிக்கை இல்லை.
அப்படித்தான் கேட்டிருக்கிறது அவள் காதில்.
அதைச் சர்க்காரின் கல்நெஞ்சு என்று எடுக்காமல்
ஊர்க்காரன் ஒருவனின் குரலாக
எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

தவறைச் சொல்லி, கட்டிய கோப்பை அவிழ்க்கலாம்.
ஆட்குறைப்புப் பட்டியல் அடுத்த வாரம்;
மூன்று பேருக்கு ஒரு கதிரை மிச்சமாம்.
சொல்லவில்லை.
இரண்டு முறை துரையின் கதவுவரை போனேன்,
இரண்டாம் முறை மைப்புட்டி கேட்டு வாங்கி வந்தேன்.

இந்தக் கடிதத்தை நான் மொழிபெயர்க்கவும் இல்லை.
வரவுப் பேரேட்டில் 2417க்குக் கீழே 2419.
நடு இலக்கம் என் கோட்டுப் பையில்.

சனிக்கிழமை அரை நாள்.
ரவாங்குக்கு ரயில் ஒன்றே முக்காலுக்கு.
அங்கிருந்து ஆறு மைல், லாரி கிடைத்தால் நல்லது.
சோணமுத்துவும் வருகிறான்.
லயத்துக்குப் போனதும் நீங்க வாயைத் திறக்காதீங்க,
உங்க தமிழைக் கேட்டா
துரை ஆளுன்னு நெனச்சு
ஒருத்தனும் பேசமாட்டான் என்கிறான்.