கிளாவரைக்கு இரண்டு டிக்கெட்

பங்குனி பத்துக்கு மேல போகலாம் என்கிறாள் செலின்.
அதற்குள் காட்டுப்பூவரசு கொட்டிவிடும் என்கிறேன்.
நீ பார்த்திருக்கியா?
பார்த்ததில்லை.
பத்தொன்பது வருடமாகக் கொடைக்கானல் பேருந்து நிலையத்தில்
வண்டி வந்த நேரமும் போன நேரமும் எழுதுகிறேன்.
பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை:
எந்த ஊரும் எனக்கு ஐந்து நிமிடம்,
முன்னே பின்னே.

பழைய ட்ரிப் ஷீட்டின் முதுகில் திட்டம் போடுகிறோம்.
முதல் நாள் பூம்பாறை.
செலினோடு நர்சிங் படித்த அமலோற்பவம்
அறை தருவாள், வெந்நீரும் உண்டு.
பூண்டு வயல் படிபடியாய் இறங்குவதை
அவள் வாசலிலிருந்தே பார்க்கலாம்.
இரண்டாம் நாள் கூக்கால் ஏரி,
பாதி பஸ், மீதி நடை ஒன்பது கிலோமீட்டர்.
ஒன்பதா?
மாடிப்படி ஏறினாலே அவள் இடது முழங்கால்
எண்ணெய் காணாத கதவுபோல் பேசும்.
ஒன்பதை அடித்து ஆறு என்று எழுதினேன்.
ஏரி மூன்று கிலோமீட்டர் நகர்ந்து வராது,
இருவருக்கும் தெரியும்.

சாமான் பட்டியலில் முதல் வரியே க்ரேப் பேண்டேஜ்.
எனக்கு அவள் மகனின் கான்வாஸ் ஷூ,
முனையில் பஞ்சு திணித்து.
ஊன்றுகம்பு ஏரிக்கரைக் கடையில் எழுபது ரூபாய்.
தைலமரக் குச்சிக்கு எழுபதா?
வீடு துடைக்கும் மாப்பின் கட்டை போதும்.

மூன்றாம் நாள் கிளாவரை.
அங்கே தார் முடிகிறது.
அப்புறம் ஒற்றையடிப் பாதை,
சோலையை ஒட்டிப் போய்ப் புல்மேடு ஏறி
வட்டவடைப் பக்கம் இறங்குகிறது.
மாசி பங்குனியில் அதன் இரு பக்கமும்
சிவப்பாக இருக்குமாம்.
அந்த 'இருக்குமாம்'
அருமைநாதனுடையது.

இரவு நிறுத்த வண்டி ஏழு வருடம் ஓட்டினான்.
ராத்திரி எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தால்
விடியலில் ஐந்தே காலுக்கு எடுக்க வேண்டும்.
இடையில் என்ஜின் மூடிமேல் படுக்கை.
தை மாதம் கண்ணாடியில் உறைபனி அப்பியிருக்கும்.
வெந்நீர் ஊற்றினால் விரிந்துவிடும்,
தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டுவான்.
வண்டியைத் திருப்பும்போது
முகப்பு விளக்கு அந்தப் பாதையில் விழும்,
ஒரு வளைவு வரைக்கும்.
அவ்வளவுதான் பார்த்திருக்கிறான்.
ஒருநாள் தாண்டிப் பார்க்கணும் என்பான்.
வார ஓய்வில் தூங்குவான்.
பிறகு இந்த நாற்காலி எனக்கு வந்தது,
கருணை அடிப்படையில்.

நேற்று வனச்சரக அலுவலகம் போனோம்.
மழை விழும்வரை புல்மேட்டுக்கு அனுமதி இல்லை.
அந்த அதிகாரி ஜன்னலைத் திறந்து காட்டினார்:
எதிர் மலையில் கருப்பாய் ஒரு கிழிசல்,
போன வாரத்துத் தீ.
சித்திரைக் கடைசியில வாங்கம்மா.
அப்ப பூ இருக்குமா சார்?
பூவுக்கு நாங்க ஆர்டர் போட முடியாதும்மா.

வெளியே வந்ததும் செலின் சிரித்தாள்.
அவள் முழங்காலும் சேர்ந்து சிரித்திருக்கும்.

திட்டத்தை மாற்றிவிட்டோம்.
பூம்பாறை இல்லை, ஏரி இல்லை.
கடைசி வண்டியில் ஏறிக் கிளாவரை.
டீக்கடை குழந்தைவேலு வீட்டில் இரவு.
விடியலில் ஐந்தே காலுக்கு
வண்டி ஹாரன் அடிக்கும்போது
ஏறாமல் நிற்பது.
இதுதான் இப்போது முதல் வரி.
பிறகு அந்த வளைவு வரைக்கும் நடப்பது.
வளைவுக்கு அனுமதி வேண்டுமா என்று
யாரிடமும் கேட்கவில்லை.
ஷூவையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஊழியர் பாஸ் இருக்கிறது.
ஆனாலும் டிக்கெட் வாங்கப் போகிறேன்,
முழுக் கட்டணம், கடைசி ஸ்டேஜ் வரை.
ஜன்னலோரம் செலினுக்கு.
எனக்கு எந்த இடமானாலும் சரி,
டிரைவருக்கு நேர் பின்னால் வேண்டாம்.
இரண்டரை மணி நேரம்
ஒரு பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு
என்னால் வர முடியாது.

விடுப்புத் தாளில் 'காரணம்' என்ற கோட்டில்
சொந்த வேலை என்று எழுதினேன்.
பேனாவை மூடுவதற்குள் பழனி வண்டி உள்ளே வருகிறது,
பன்னிரண்டு ஐம்பத்து மூன்று.
மூன்று நிமிடம் தாமதம்.