பாக்கி வேலை

பயணிகள் பட்டியலில் என் பெயர் இல்லை.
மாலுமிகள் பட்டியலிலும் இல்லை.
துர்க்கு பட்டறையில் முடியாமல் நின்ற வேலைகளோடு
எங்கள் அறுபது பேரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு
கிளம்பிவிட்டது கப்பல்.

காலை எட்டுக்கு மேல்
நீல உடுப்பு போடக் கூடாது.
மேஸ்திரி பெர்த்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.
எனவே பூப்போட்ட சட்டை,
கடற்கரைப் பையில் குறடு, ரப்பர் வளையம்,
பாம்பாய் வளையும் கேமரா.
முட்டைக்கு நிற்கும் வரிசையில் ஒருவர் கேட்டார்:
"நீங்கள் எங்கிருந்து?"
"ஒன்பதாம் தளம்" என்றேன்.

பதினொன்றில் நின்று
பதினான்கு என்று அறிவிக்கிறது லிஃப்ட்.
காப்பி இயந்திரம் வெந்நீரைத் தருகிறது, மரியாதையாக.
நாடக மேடைத் திரை பாதியில் சிக்கியதால்
பாடகியின் முழங்கால் வரைக்கும்தான் நேற்று நிகழ்ச்சி.
கம்பளத்தில் இன்னும் பசை நாற்றம்.
வெள்ளோட்டம் மே மாதமே விட்டுப் பார்த்தாயிற்று:
எந்திரம் சரி, சுக்கான் சரி.
அன்றைக்கு ஒன்பதாம் தளத்தில்
யாரும் கழிப்பறைக்குப் போகவில்லை,
அவ்வளவுதான்.

கீல் துறைமுகம் விட்டு மூன்றாம் நாள்.
பதினாறு அறைகளில் நீர் இறங்கவில்லை.
இலோய்லோ ஊர்க்காரர் ரொடேலியோ
கதவு கதவாகத் தட்டி
தன்னுடையதல்லாத கப்பலுக்காக
தன் சொந்தக் குரலில் மன்னிப்புக் கேட்கிறார்.
எட்டாவது கதவில் குரல் கொஞ்சம் கம்மிவிட்டது.

9144. தட்டும் முன்பே திறந்தது.
"அது தானாகத் திறக்கும்" என்றார் இங்கெலோரே,
"ராத்திரி மூன்று மணிக்கும் திறந்தது.
நாற்காலியை முட்டுக்கொடுத்துத் தூங்கினேன்."
ரோஸ்டாக்கில் டிராம் ஓட்டுகிறவர்.
கட்டிலில் கால் நீட்டி, நான் சுவர்ப்பலகை கழற்றுவதை
பார்த்துக்கொண்டிருந்தார், காசு கொடுத்த காட்சிபோல.
புதுக் கப்பலில் இது நான்காவது முறையாம்.
ஏன் என்று கேட்டேன்.
"பழகிய கப்பலில் வழி கேட்டால்
கை நீட்டிக் காட்டுவார்கள்.
இதில் கூடவே வந்து தொலைந்துபோகிறார்கள்."

கேமராவின் சின்னத் திரையில்
குழாயின் இருட்டு நீண்டது.
வளைவில் ஏதோ. விரல்கள்.
ஒரு கணம் எனக்கு உள்ளங்கால் ஜில்லிட்டது.
கொக்கி போட்டு இழுத்தேன்.
இடதுகைக் கையுறை.
கட்டைவிரலில் பற்றவைப்புப் பொறி பொசுக்கிய ஓட்டை,
ஓட்டையைச் சுற்றி நீல நாடா.
நாடா சுற்றியது நான்.
மார்ச் மாதம், விரல் விறைத்த ஒரு காலையில்
தொலைந்துபோனதென்று கையெழுத்துப் போட்டு
கிடங்கில் புது ஜோடி வாங்கியதும் நான்.

"என்ன அது?"
"கையுறை."
"யாருடையது?"
பொய் நாக்கு நுனிவரை வந்தது.
"என்னுடையது" என்றேன்.
அவர் சிரித்த சிரிப்பில்
கதவு இன்னொரு முறை திறந்துகொண்டது.

படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
பெர்த்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடி நிற்க
'பட்டறைக் குப்பை' என்று எழுதினேன்.
பொய்யில்லை.
முழுதாக உண்மையும் இல்லை.

ஃபியோர்டுக்குள் நுழைந்தோம்.
இரு பக்கமும் மலை, அருவி.
எல்லோரும் கைபேசியை உயர்த்திக்கொண்டு
மேல்தளத்தில்.
கீழே நீண்ட நடைபாதையில்
ரொடேலியோ ஒவ்வொரு அறையாகப் புகுந்து
பொத்தானை அழுத்தி அழுத்திக் கேட்டார்:
பதினாறு முறை, பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம்.
எங்களுக்கு அதுதான் அருவி.

காலையில் பாக்கி நானூற்றுப் பன்னிரண்டு.
மாலையில் நானூற்றுப் பதினேழு.

மறுநாள் என் பங்கருக்கு ஒரு காகிதப் பை வந்தது.
சலவைச் சீட்டில் இங்கெலோரே கையெழுத்து:
கையுறை, ஒன்று. கஞ்சி வேண்டாம்.
உள்ளே அது துவைத்து மடித்து,
நீல நாடா பிரியாமல்.

9144 கதவின் கீல் இன்னும் என் பட்டியலில் இருக்கிறது.
போகிறேன்,
நாளைக்கு.