இரண்டாம் தரம்

கோடையில் என் வேலை இது:
மூன்று மாதம் சட்டங்களில் தொங்கி
காற்று தின்றது போக மிஞ்சிய காட் மீனை
ஒவ்வொன்றாக எடுத்து
வெளிச்சத்துக்குப் பிடித்து, முதுகைத் தடவி,
கழுத்தோரம் முகர்ந்து,
இருபது குவியல்களில் ஒன்றில் எறிவது.
மீனுக்கு நான்கு நொடி.
என் தீர்ப்பை யாரும் மறுபடி கேட்பதில்லை.

நவம்பரில் வேரோய் தீவில் சட்டங்கள் வெறும் சட்டங்கள்.
சூரியன் பதினோரு மணிக்கு எட்டிப் பார்த்து
ஒரு மணிக்குள் போய்விடும்.
படகில் நூலகப் பெட்டி வரும்.
துறைமுகத்தில் ஹால்டிஸ் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவாள்.
அதே கை, அதே மூக்கு.
பழக்கம் விடுமா?

ஏழு தலைமுறைக் கதை, அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
சதை நிறைய. எலும்பில் ஒட்டவில்லை.
செத்தவர்களும் விருந்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள்.
ஒன்பதாம் தரம்.

பாசிகளைப் பற்றி ஒரு மனிதர்,
நாற்பது வருஷம் ஈரப் பாறைகளில் முழங்காலிட்டு எழுதியது.
தட்டினால் மரம் போல ஒலித்தது.
முதல் தரம். யோசிக்கவே இல்லை.

பரிசு வாங்கிய நாவல், அட்டையில் தங்க முத்திரை.
உறைபனி பட்ட மீன் இப்படித்தான் இருக்கும்,
வெளியே வெள்ளை வெளேர்,
பிளந்தால் புளித்த வாடை.

துப்பறியும் கதையில் கொலைகாரன் யாரென்று
நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.
ஆனால் ராத்திரி மூன்று மணிவரை
விளக்கை அணைக்காமல் இருந்தவள் நான்தானே.
அதற்கு எந்தக் குவியல்?

கவிதைப் புத்தகம் ஒன்று. எடையே இல்லை.
வைத்தேன், முள் அசையவில்லை.
மறுநாள் பல் தேய்க்கும்போது
கேட்காமலே ஒரு வரி வந்து நின்றது.
அதைத் தரம் பிரிக்காமல் விட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒபியகேலி படிக்கச் சொன்ன நாவல்.
சந்தை. சந்தையில் ஒருத்தி.
முந்நூறு பக்கமும் பேரம், இரைச்சல், மழை.
ஒன்றுமே நடக்கவில்லை.
நாலு நொடி.
மூன்றாம் தரம் என்று போட்டேன்,
அதுவும் சிநேகிதிக்காக.

முப்பதாம் தேதி மாலை அவள் கூப்பிடுவாள், ஆபாவிலிருந்து.
என் மீனை மூட்டை மூட்டையாக வாங்குபவள்.
பின்னால் ஜெனரேட்டர் உறுமும்.
அவள் கணக்கு வேறு, நூற்றுக்கு இத்தனை.
மின்சாரம் போன பிறகும் மெழுகுவர்த்தியில் படிக்க வைத்தால்
ஐந்து மதிப்பெண் கூடுதல்.
பாசிப் புத்தகத்தைச் சொன்னேன்; சிரித்தாள்.
தங்க முத்திரைக்கு அவளும் நாற்பத்தொன்றுதான் கொடுத்திருந்தாள்.
பிறகு அந்த நாவல்.
சொன்னேன்.

ஜெனரேட்டர் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

"மூன்றாம் தரம் என்று நீ எழுதி அனுப்புகிறாயே,
வளைந்தது, முறிந்தது,
அந்த மூட்டைதான் என் கடையில் முதலில் காலி.
குழம்பில் விழுந்த பிறகு யாரம்மா தரம் பார்க்கிறார்கள்?
நீ இதைக் காய்ந்தபடியே கடித்திருக்கிறாய்.
ஒரு ராத்திரியாவது ஊற வைத்தாயா?"

எனக்குக் கோபம்தான்.
இருபத்திரண்டு வருஷமாக முகர்கிறேன்,
யாரிடம் சொல்கிறாள் இவள்?
போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.
கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.
இருபத்திரண்டு வருஷத்தில்
அந்த மீன் அவள் ஊர்க் குழம்பில் எப்படி இருக்கும் என்று
ஒருநாளும் நான் கேட்டதில்லை.

இன்று பெட்டி திரும்பிப் போயிற்று.
ஆறில் ஐந்துதான் வைத்தேன்.
ஹால்டிஸ் எண்ணினாள்,
என் முகத்தைப் பார்த்தாள்,
கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து
மூன்றாம் தரம் என்றிருந்ததை அடித்தேன்.
இரண்டாம் தரம்.

இன்னும் பன்னிரண்டாம் பக்கம்தான்.
மழை ஆரம்பிக்கவில்லை.
யாரோ குனிந்து விலை கேட்கிறார்கள்,
அவள் சட்டென்று சொல்லவில்லை.